ஊதா வட்டங்கள்

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பற்களைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். முகம்கூட அதற்குப் பிறகுதான் கழுவினேன்.

நீ சுகம்தானே? குளிர் ஏறினால் தாடையில் வைத்த கம்பி இழுக்கிறது என்று எழுதியிருந்தாய். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா உன் வீட்டுக்காரி? நான் இங்கே கர்த்தர் கிருபையால் நலம்.

பற்கள் என்றதும் திகைத்திருப்பாய். அன்று ஆள் வந்து சொல்லி நான் பஸ் பணிமனைக்கு ஓடி வருவதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். தரையில் ஆயிலும் ரத்தமும் கலந்து கிடந்தன. மேஸ்திரி உன்னை அடித்த வீல் ஸ்பேனரும் அங்கேயே கிடந்தது. அந்தக் கசடில் கைவிட்டுத் துழாவி உன் பற்கள் மூன்றைப் பொறுக்கினேன். பிரேக் பிடிக்காத வண்டிகளை ரோட்டுக்கு விடுகிறான் என்று நீ மேலிடத்துக்கு எழுதினாய். அவன் உன் தாடையைப் பெயர்த்துப் போட்டான். பார்த்து நின்ற அத்தனை பேருக்கும் கோர்ட்டில் கண் அவிந்துபோயிற்று. அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனான். பற்கள் என் அலமாரிக்குள், தீப்பெட்டியில், பஞ்சுக்கு நடுவே இருந்தன.

நேற்று என்னோடு வேலை செய்யும் சுருட்டை வம்புக்கு இழுத்தாள். நான் ஓய்வுநாள் பள்ளியில் ஆண்டவரின் அன்பைப் பற்றிப் பாடம் எடுப்பது அவளுக்கு எப்போதும் கேலி. "ஏங்க்கா, உங்க சாமி எல்லாரையும் நேசிக்கிறாருன்னு சொல்றீங்களே, அது தெருக்குழாய் மாதிரி பொதுவா? இல்ல உங்க வீட்டுக்குள்ள தனியா ஒரு குழாய் உண்டா?" என்றாள்.

சிரித்து மழுப்பினேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், எனக்கென்று தனியாக இருப்பதாக அந்தத் தீப்பெட்டிதான் ஞாபகம் வந்தது. மன்னித்துவிட்டேன் என்று சபை நடுவில் எழுந்து சொன்னவள் நான். அதனால்தான் எறிந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டை நன்றாக மசித்துச் சாப்பிடு.

தினமும் உன் பெயரைச் சொல்லி முழங்கால் போடும்,
அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். நீ சுகமாக இருப்பதில் சந்தோஷம்.

என் பல்லை எறிய என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டாயா? உன் மனசு சுத்தமாக என் பல்தான் கிடைத்ததா?

உன் பக்கத்து வீட்டுக்கு என்னை போன் பண்ணச் சொல்லாதே என்று முன்பே சொன்னேன். நான் பேசினால் குடிகாரன் பேசுகிறான் என்று வைத்துவிடுகிறார்கள். கடிதத்தில்தான் என் நாக்கு நேராக இருக்கிறது. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தன் நான் பேசுவது போலவே பேசிக் காட்டினான். நாலு பேர் சிரித்தார்கள். அவன் மூக்கில் குத்தினேன். எலும்பு உள்ளே போகிற சத்தம் கேட்டது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து இன்னும் குத்தினேன். இழுத்துத்தான் பிரித்தார்கள். ஒரு நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது அக்கா. அதற்குப் பிறகு இவள் காய் வெட்டுகிற கத்தியை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள். இப்போது எல்லாவற்றையும் கையால் பிய்த்துப் போட்டுச் சமைக்கிறாள்.

சபையில் நான் வாயைத் திறப்பதில்லை. எல்லோரும் பாடும்போது பாட்டுப் புத்தகத்தை மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறேன்.

எனக்காக ஜெபம் பண்ணாதே. அவன் விழ வேண்டும் என்று பண்ணு.

தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

நலமா? உன் வீட்டுக்காரி நலமா? கத்தியை உன் கையில் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. அவன் வந்தான்.

ஜாக்கி நழுவிப் பஸ் அவன் காலில் இறங்கியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் செயற்கைக்கால் செய்கிறோம், வேறெங்கே போவான்? நான் மாவுக்கட்டு வேலைக்காகத் தலையில் துணியும் வாயில் கவசமும் கட்டியிருந்தேன். கோர்ட்டில் என்னைப் பார்த்திருந்தும் அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவன் புறங்கழுத்தே போதுமாயிருந்தது.

எங்கள் வேலை எப்படி என்று உனக்குச் சொன்னதில்லை. மிச்சக் கால் என்போம் நாங்கள், வெட்டியபின் எஞ்சிய பகுதியை. அதன் மேல் மெல்லிய துணியுறை மாட்டி விரலால் அழுத்திப் பார்ப்போம். எங்கே எலும்பு தோலுக்கு அடியில் நிற்கிறதோ, எங்கே தொட்டால் துள்ளுகிறார்களோ, அங்கே ஊதாப் பென்சிலால் வட்டம் போடுவோம். மேலே மாவுக்கட்டுச் சுற்றி அச்சு எடுத்தால் அந்த வட்டம் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அச்சுக்குள் மாவு ஊற்றினால் மாவுக்காலிலும் அதே இடத்தில் வட்டம் வந்துவிடும். வட்டம் இருக்கிற இடத்தில் மாவு பூசி மேடாக்க வேண்டும். அப்போதுதான் செய்கிற காலில் அந்த இடம் பள்ளமாகி, எலும்பு படாமல் நிற்கும். பாரம் தாங்குகிற சதை வருகிற இடத்தில் மட்டும் மாவை அரம் போட்டுச் சீவலாம். வலிக்கிற இடத்தில் இடம் விடு, தாங்குகிற இடத்தில் அழுத்து. இவ்வளவுதான் தொழில்.

அவன் எங்கே வலிக்கிறது என்று சொல்லவே மாட்டேன் என்றான். முன்னெலும்பின் முனையில் அழுத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, "இன்னொரு தரம் அங்க கை வெச்சா ஒடிச்சுப் போட்டுடுவேன்" என்றான். கை நீலம் பாரித்துவிட்டது. நான் அந்த இடத்தில் வட்டம் போட்டேன்.

பற்களை அன்று சாயங்காலமே தொட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெபத்துடன்,
அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நலம். நலம். நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டயர் கடைக்கு வேலைக்குப் போனேன். முதலாளி, என்னய்யா மூஞ்சியில பல்பு எரியுது என்றார். கர்த்தர் தூங்கவில்லை அக்கா. கொஞ்சம் கண் அசந்திருந்தார், அவ்வளவுதான்.

எந்தக் கால்? அந்த எலும்பு முனை எப்படி இருக்கும்? வட்டத்தில் மாவு பூசாமல் சீவிவிட்டால் என்ன ஆகும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நான் உன்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. நீ படித்தவள்.

கை நீலம் போயிற்றா?

தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் நலம் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மாவு சீக்கிரம் இறுகிவிடுகிறது, வேகமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

கை சரியாகிவிட்டது. அவனுக்குக் கால் கொடுத்தாயிற்று. மாவுக்காலை நானே தனியாக உட்கார்ந்து சீவினேன். சுருட்டை உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றேன். அரம் நன்றாக ஓடியது. வேலை முடிந்தபின் என் மேசையில் கிடந்த மாவுத்தூளில் ஊதா நிறம் இருந்தது. துடைத்துவிட்டேன்.

ஓய்வுநாள் பள்ளியை இந்த மாதம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். தொண்டை கட்டியிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


மார்ச் 20

என் அன்பு அக்காவுக்கு,

உன் தொண்டை தேவலையா? உப்புத் தண்ணீரில் கொப்பளி.

நீ எழுதியதை ஒரு தரமும் எழுதாமல் விட்டதைப் பல தரமும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் புத்தகத்தை இறக்கிவைத்துவிட்டுப் பாடினேன். குரல் தகரத்தில் கல் தேய்த்தது மாதிரிதான் வந்தது. முன் வரிசைக் கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. இவள் பக்கத்தில் நின்று அழுகிறாள். ஆண்டவர் உங்களைத் தொட்டுட்டார் என்கிறாள். ஆமாம் என்றேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

கத்தியை வெளியே எடுத்துவிட்டாள். ரொட்டியை ஓரத்தோடு கடித்துத் தின்றேன். கம்பி தெறித்தால் தெறிக்கட்டும் என்று சிரித்தேன்.

ரத்தம் வந்ததா? அதை மட்டும் எழுது.

தம்பி


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. உடம்புக்கு என்ன? இரண்டு வரி போடு.

தம்பி


மே 12

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

சுருட்டை எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். அக்கா உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனிப் பதறாமல் படியுங்கள்.

அந்த மேஸ்திரிக்குக் கொடுத்த கால் அவருக்குச் சேரவில்லை. வலிக்கிறது என்று இரண்டு தரம் வந்தார். பழகினால் சரியாகிவிடும் என்று அக்கா சொல்லி அனுப்பினார்கள். புதுசாகக் கால் மாட்டுகிற எல்லோரிடமும் நாங்கள் சொல்வதுதான். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். புண்ணாகி, சீழ் வைத்து, எலும்புவரை போய்விட்டது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் நேற்றுச் சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரி அங்கிருந்து நேராக, கால் செய்யும் எங்கள் கூடத்துக்கு வந்தார். அக்குளில் வைக்கும் மரக்கட்டையை ஓங்கி, அலமாரியில் வரிசையாக நின்ற மாவுக்கால்களை அடித்து நொறுக்கினார். ஒற்றைக் காலில் எப்படித்தான் அவ்வளவு வேகமோ. "எவடி அவ? என் கால அழுக வெச்சவ எவ?" என்று கத்தினார். தடுக்கப் போன, நோயாளி வண்டி தள்ளுகிறவர் நெற்றியில் ஒரு போடு. நான் மேசைக்கு அடியில் பூந்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

அக்கா எழுந்து அவர் எதிரில் போய் நின்றார்கள். வாய்க்கவசத்தை அவர்களே கழற்றினார்கள். அந்த ஆள் கட்டையை ஓங்கியபடி அப்படியே நின்றார். "நீயா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அப்புறம் அடித்தார். கன்னத்து எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. விழுந்தபின்பும் அடித்தார், தோளில், காதில். அக்கா கையைத் தூக்கவே இல்லை அண்ணா. பூச்சி பறந்தால்கூடக் கையை ஆட்டுகிறவர்கள். அதுதான் எனக்கு இன்னமும் புரியவில்லை.

அவரைக் கைது பண்ணி இதே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் போலீஸ் காவலோடு படுக்க வைத்திருக்கிறார்கள். கூடத்தில் இருந்த எட்டுப் பேரும் சாட்சி சொல்லத் தயார். நான் முதல் ஆள். உங்கள் தாடையை உடைத்ததும் இவர்தான் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது; கோர்ட்டில் உங்களுக்கு நடந்தது இவர்களுக்கு நடக்காது.

அக்காவுக்கு முகம் பூசணி மாதிரி வீங்கியிருக்கிறது. கொஞ்சம் இறங்கியதும் அவர்களே எழுதுவார்கள்.

பணிவுடன்,
சுருட்டை


மே 18

அக்காவுக்கு,

நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய் என்று சுருட்டை தந்தி கொடுத்தாள். ஸ்தோத்திரம்.

வருகிறதை விட்டு அடுத்த சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். முதலாளியிடம் சொல்லியாயிற்று. டயர் கழற்றுகிற கம்பியில் நல்ல கனமானதாக ஒன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். இவள் பார்த்துவிட்டாள். போலீஸ்காரன் டீ குடிக்கப் போகாமலா இருப்பான்? இன்னொரு காலும் கையும் அவனுக்கு எதற்கு?

நீ ஜெபத்தில் இரு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


மே 22

என் தம்பிக்கு,

நீ நலமாயிரு. உன் வீட்டுக்காரி நலமாயிருக்கட்டும். இடது கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. வரிகள் கோணலாக இருக்கும்.

ரத்தம் வந்ததா என்று கேட்டிருந்தாய். வந்தது. முதல் தரம் வலிக்கிறது என்று அவன் வந்தபோதே துணியுறையில் பார்த்தேன். வட்டம் போட்ட இடங்களில் மாவு பூசாமல் ஆழமாகச் சீவியிருந்தேன். அவன் ஒவ்வொரு தரமும் கால் ஊன்றும்போது முன்னெலும்பு அந்த மேட்டில் போய் இடிக்கும். பழகினால் சரியாகிவிடும் என்றேன். இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். இரண்டாம் தரம் அவன் என்னை நம்பி, சரிம்மா என்றான். அதனால்தான் உனக்கு எழுத முடியவில்லை.

போன வாரம் போதகரும் சபைப் பெண்களும் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். தீமைக்கு நன்மை செய்து அடிவாங்கியவள் என்றார்கள். ஒரு அம்மா என் தலையில் கைவைத்து, இந்தத் தூய்மையான இருதயத்துக்காக நன்றி என்று ஜெபித்தார். அந்தக் கையைக் கடிக்க வேண்டும்போல இருந்தது. வாய் திறக்க முடியாததால் அவர் தப்பித்தார்.

அவர்கள் போன பிறகு, மத்தியானம், வார்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடினேன். ஜெபத்துக்கு வழக்கமாக வரும் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. சீவினது நான்தான் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன். மேஸ்திரி கட்டையை ஓங்கியபோதும் அப்படித்தான் காத்திருந்தேன். அந்த அடி எனக்குச் சேர வேண்டியது என்று நினைத்து நின்றேன்.

இந்தத் தரம் அடி வரவில்லை. என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை, முயற்சி பண்ணுகிறேன். நாங்கள் மிச்சக் காலைத் தடவிப் பார்ப்போமே, அதுபோல யாரோ என்னைத் தடவிப் பார்த்தார். உன் பற்களைத் தாண்டிப் போனார். கோர்ட்டைத் தாண்டிப் போனார். நான் காயம் என்று நினைத்திருந்த எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஓர் இடத்தில் நின்றார். நல்லவளாக இருக்கும்வரைக்கும்தான் என்னை வைத்துக்கொள்வார் என்று சின்ன வயதிலிருந்து நான் யாருக்கும் காட்டாமல் நம்பிவந்த இடம் அது. அங்கே அழுத்தினார். கத்திவிட்டேன் தம்பி, தையல் பிரியும்படி. நர்ஸ் ஓடி வந்து, கன்னம்தானே, தாங்கிக்கோங்க என்று ஊசி போட்டாள்.

அவர் கையை எடுக்கவில்லை. நான் செய்ததைச் சின்னதாக்கவும் இல்லை. முழுக்கத் தெரிந்த ஒருவர் அவர் மட்டும்தான், அவர் மட்டும்தான் என்னோடு இருந்தார். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தானா என்று இருந்தது. வாழைப்பழம் உரிப்பதுபோலச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது தோலை உரிக்கிறது.

மனசு மாறி அவனை நேசிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஆண்கள் வார்டில் கட்டு மாற்றும்போது அவன் அலறுவது இங்கே கேட்கும். பாதி நேரம் காதைப் பொத்துகிறேன். பாதி நேரம் என் கை அரத்தைத் தேடுகிறது. ஆனால் அது என் வேலையின் சத்தம் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அதைக் கர்த்தரின் தலையில் கட்ட முடியாது.

அவன் உன் தாடையை உடைத்தான். அதைச் சாகும்வரை எந்த இடத்திலும் சொல்வேன். நீ சபையில் பாடினாய் என்று எழுதியபோது நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று உனக்குத் தெரியாது. அந்தப் பாட்டை உன் வாயிலிருந்து பிடுங்குகிறேன் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் போகலாம். சனிக்கிழமை வா. கம்பியை வைத்துவிட்டு வா. அடித்தே தீர வேண்டும் என்றால் என் கட்டில் பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரம் இருக்கிறது.

நாளைக் காலை இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலம் வாங்க வருகிறார். சுருட்டை புதுச் சேலை கட்டிக்கொண்டு வரப்போகிறாளாம், சாட்சி சொல்ல. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்பார், போதகரும் வருவார். நான் சீவியது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதற்காகத்தான் இன்று எழுதுகிறேன், தடுக்க யாருக்கும் நேரம் இருக்கக் கூடாது. வேலை போகும். ஜெயிலும் வரலாம்.

தாடையைக் குளிரில் காட்டாதே. வண்டியில் ஜன்னல் பக்கம் உட்காராதே.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்ததும், மேஸ்திரி என்னை அடித்த கதைக்குப் போகவிட மாட்டேன். முதலில் அடித்தது நான் என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

அக்கா